பார்பரம்மாள் நாளில் ஊதிய சங்கு

இன்னாசிமுத்துவிடம் சொந்த ஊர் எது என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. அப்பாவின் ஊர் எலத்தகிரிப் பக்கம். இன்னாசிமுத்து பிறந்தது கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிக் கொடுத்த லைன் வீடு ஒன்றில். பிழைப்பு நடத்தியது சூளகிரிக்குத் தெற்கே சிக்கப்பாறை என்ற கல்குவாரி ஊரில். இப்போது இருப்பது ஓசூரில், மகள் ரோஸ்லின் வாடகைக்குப் பிடித்த ஒற்றை அறையில். எந்த ஊரிலும் அவருக்கென்று ஒரு சென்ட் நிலம் கிடையாது. தொழில் மட்டும் ஒன்றே ஒன்றுதான்: பாறைக்கு வெடி வைப்பது.

தங்கவயலில் அப்பாவுக்கும் அதே வேலைதான். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி கடைசியில் சுரங்கத்தை மூடியபோது இன்னாசிமுத்துவுக்கு முப்பத்தைந்து வயது. உடன் வேலை பார்த்தவர்கள் தினமும் விடியற்காலை ரயில் பிடித்துப் பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போய்வர ஆரம்பித்தார்கள். இவரிடம் வெடிக்காரர் சான்றிதழ் இருந்தது. கிருஷ்ணகிரிப் பக்கம் ஜல்லிக் குவாரிகள் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. ஆள் வேண்டும் என்று கூப்பிட்ட முதல் குவாரிக்கே மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஒரு தகரப் பெட்டி, இரண்டு பாய், கோணிச் சாக்கில் சுற்றிய ஒரு சுரூபம். அவ்வளவுதான் சாமான்.

அந்தச் சுரூபம் பார்பரம்மாளுடையது. ஒரு கையில் கோபுரம், மறு கையில் குருத்தோலை. ஆதிக் கிறிஸ்தவர் காலத்து வேதசாட்சி என்று சாமியார்கள் சொல்வார்கள். பெற்ற தகப்பனே அவளைக் கோபுரத்தில் அடைத்துவைத்தான். அவள் தப்பி ஓடியபோது முன்னால் நின்ற பாறை இரண்டாகப் பிளந்து அவளை உள்ளே விட்டு ஒளித்துக்கொண்டது. கடைசியில் காட்டிக் கொடுக்கப்பட்டு, தகப்பன் கையாலேயே தலை வெட்டுண்டு செத்தாள். வெட்டியவன் வீடு திரும்பும் வழியில் இடி விழுந்து கருகிப் போனான். அதனால் இடிக்கும் வெடிக்கும் அவள் காவல். அவளைக் கும்பிடுகிறவர்களுக்குத் திடீர்ச் சாவு வராது. சாமியார் வந்து எண்ணெய் பூசி, பாவம் தீர்த்து, நிதானமாகப் போய்ச் சேருவார்கள் என்று தங்கவயல் சுரங்கத்தார் நம்பினார்கள்.

சிக்கப்பாறையில் வேலை செய்தவர்களில் கிறிஸ்தவர்கள் நாலைந்து குடும்பம்தான். மற்றவர்கள் கீழ்த் தெருவில் இருந்த விவசாயக் குடும்பத்து ஆட்கள். மழை இல்லாத வருடங்களில் கடப்பாரை பிடிக்க வந்தவர்கள். பாறை பிளந்து வழிவிட்ட கதையைக் கேட்டதும் அவர்களுக்கு அந்த அம்மாவைப் பிடித்துப் போயிற்று. பேர் வாயில் நுழையாததால் கல்லம்மா என்றார்கள். குவாரி முதலாளி ஒரு மூலையில் இடம் காட்டினார். எல்லோருமாகச் சேர்ந்து ஜல்லியும் சிமெண்டும் கொண்டு ஒரு சின்னக் கோயில் கட்டினார்கள். கூரைக்கு ஷீட் வாங்கிக் கொடுத்தவர் ஊரில் மளிகைக் கடை வைத்திருந்த கரீம். அவருக்குக் கோயிலில் வேலை இல்லை. ஆனால் அவர் தம்பி குவாரியில் லாரி ஓட்டினார்.

டிசம்பர் நான்காம் தேதி பார்பரம்மாள் நாள். அன்றைக்குக் குவாரியில் வெடி கிடையாது. இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர் இன்னாசிமுத்து. இன்னொரு வழக்கமும் அவரால்தான் வந்தது. மற்ற நாட்களில் வெடி போடுமுன் மூன்று முறை சங்கு ஊதும். அதைக் கேட்டால் ஆடு மேய்க்கிறவர்களும் விறகு பொறுக்குகிறவர்களும் விலகி ஓடிவிட வேண்டும். நான்காம் தேதி நண்பகலில் அதே சங்கை அவர் அம்மாவுக்கு மரியாதையாக ஊதுவார். வருடத்தில் அந்த ஒரு நாள் மட்டும் சங்கு ஊதினால் வரலாம் என்று அர்த்தம். ஊர் முழுக்க வருவது சாயங்காலத் தேருக்குத்தான். நண்பகல் சங்குக்கு வருகிறவள் ஒருத்தி மட்டுமே. அவள் சென்னம்மா.

சென்னம்மாவின் புருஷன் ராமப்பன் குவாரியில் துளை போடுகிறவராக இருந்தார். ஒரு நாள் வெடிக்காமல் நின்றுபோன குழி ஒன்று, பக்கத்தில் துளை போடும்போது வெடித்தது. பீடி பற்றவைக்க ஒதுங்கிய ராமப்பன் மட்டும் தப்பினார். மறு வருடத்திலிருந்து சென்னம்மா நேர்ந்துகொண்டு, நான்காம் தேதி காலையிலிருந்து ஒரு பொழுது இருப்பாள். கைவிட்ட பழைய குழியில் தேங்கிய தெளிந்த தண்ணீரை ஒரு குடம் மொண்டு வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்பாள். சங்கு ஊதியதும் மேலே ஏறி வந்து, அந்த வருடம் வெட்டிய புதுப் பாறை முகத்தில் தண்ணீரை ஊற்றிக் குங்குமம் வைத்துவிட்டுப் போவாள். கோயில் பூசைக்கு அவள் ஒரு நாளும் வந்ததில்லை. பூசையில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டதும் இல்லை. அவளுக்கும் அம்மாவுக்கும் உள்ள கணக்கு அந்த ஒரு குடம் தண்ணீரோடு சரி.

காலம் மாறியது. பழைய ஆட்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். அந்த இடத்துக்கு ஒரிசா, பீகார் பையன்கள் வந்தார்கள். ராமப்பனுக்குக் கல்தூசு நெஞ்சில் இறங்கி இருமல் பிடித்துக்கொண்டது. அவர் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாந்தோப்பில் காவலுக்குப் போய்விட்டார். வாரத்தில் ஒரு நாள்தான் வீடு. இன்னாசிமுத்துவின் மனைவி சிறுநீரகம் கெட்டு இறந்தாள். சாமியார் வந்து எண்ணெய் பூசிய பிறகுதான் அவள் உயிர் பிரிந்தது. அது அம்மாவின் கிருபை என்று அவர் சொல்லிக்கொண்டிருப்பார். ரோஸ்லின் ஓசூர் சிப்காட்டில் ஒரு செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் சேர்ந்து, விடுதியில் தங்கினாள். ஊரில் படித்த பிள்ளைகள் அத்தனை பேரும் அப்படித்தான். வார நாளில் திருவிழா வந்தால் யாருக்கும் லீவு கிடையாது. தேர் இழுக்கக் கிழவர்கள் மிஞ்சினார்கள்.

2024-இல் நான்காம் தேதி புதன்கிழமை வந்தது. அப்பன் ஒருவனாகத் தேரைப் பிடித்துக்கொண்டு போவதைத் தன்னால் பார்க்க முடியாது என்று ரோஸ்லின் போனில் சொன்னது இன்னாசிமுத்துவுக்குத் தைத்தது. நவம்பர் நடுவில் அவர் பங்குச் சாமியாரைப் பார்த்து, திருவிழாவை எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றலாமா என்று கேட்டார். இளம் சாமியார் அவர், உடனே ஒத்துக்கொண்டார்.

“ரோமன் காலண்டர்லேருந்தே அந்தம்மா பேர எடுத்து அம்பது வருசத்துக்கு மேல ஆச்சு இன்னாசி. நாலுன்னாலும் எட்டுன்னாலும் மேல யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க,” என்று சிரித்தவர், இவர் கிளம்பும்போது ஒன்று கேட்டார். “பூசையில நான் அறிவிச்சிடறேன். பூசைக்கு வராதவங்களுக்கு?”

“அத நான் சொல்லிக்கிறேன் சாமி,” என்றார் இன்னாசிமுத்து.

குவாரி மேனேஜர் கமலக்கண்ணனுக்கு இதில் சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை எப்படியும் கிரஷர் ஓடாது. புதன்கிழமை ஒரு நாள் மிச்சம். அன்றைக்கு வழக்கம்போல வெடி போடலாம் என்றார். இன்னாசிமுத்துவும் மறுக்கவில்லை. திருவிழா எந்த நாளோ அந்த நாளில்தானே வெடி கூடாது என்று அவர் மனதில் ஒரு நியாயம் இருந்தது. கீழ்த் தெருவுக்குச் சொல்வதும் கஷ்டமான காரியம் இல்லை. தினமும் பார்க்கிற முகங்கள்தான்.

டிசம்பர் இரண்டாம் தேதி, திங்கட்கிழமை, கரீம் கடையில் சென்னம்மாவைப் பார்த்தார். சொல்வதற்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. ஆனால் பேச்சைத் தொடங்கியவள் அவள். மகன் மாதேஷ் ஓசூர்க் கம்பெனியில் கூட வேலை செய்யும் ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்வேன் என்று நிற்கிறான். அவர்கள் எந்த ஊர், என்ன ஆட்கள் என்றே தெரியவில்லை. அதற்காக அவள் முந்தின வாரம் தெருவே கேட்கும்படி சண்டை போட்டிருந்தாள். நீயாவது அவனிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கேட்டாள்.

“எம் பொண்ணே எம் பேச்ச கேக்க மாட்டேங்குறா. நான் போயி உம் பையனுக்குச் சொல்லவா?”

“ரெண்டு பேரும் புள்ளைங்கள மாத்திக்குங்க,” என்றார் கரீம், தராசிலிருந்து கண்ணை எடுக்காமல். “அப்பவாச்சும் கேக்குதுங்களான்னு பாப்போம்.”

சென்னம்மா சிரித்துவிட்டாள். வாங்கிய டீத்தூளை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். இன்னாசிமுத்துவுக்கு ஞாயிற்றுக்கிழமை ரோஸ்லின் வருவாள், கோழி எடுக்க வேண்டும், வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்ற நினைப்பு. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் சொல்லாமல் விட்டது நினைவுக்கு வந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தார். செவ்வாய்க்கிழமை முழுக்க வெடிமருந்து கிடங்கில் அதிகாரி சோதனை. கொடி பிடிக்கும் சென்றாயன் கீழ்த் தெருவில் குடியிருக்கிறவன், அவன் சொல்லியிருப்பான் என்று விட்டுவிட்டார். இன்னாசியண்ணன் சொல்லியிருப்பார் என்று சென்றாயன் இருந்தான். தெருவில் யாருக்குமே தெரியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

புதன்கிழமை காலை கோயிலில் தனியாக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு இன்னாசிமுத்து வேலைக்குப் போனார். நண்பகல் வாக்கில் குழிகளை நிரப்பி முடித்து, மறைப்புக்குப் பின்னால் போய் நின்று சங்கு ஊதச் சொன்னார். முதல் சங்கு, இரண்டாவது சங்கு. பாதைகளில் சிவப்புக் கொடி நின்றது. பழைய குழிப் பக்கம் பாதை கிடையாது. அங்கே ஆள் நிறுத்துவதும் வழக்கம் இல்லை. மூன்றாவது சங்கு ஊதி ஓய்ந்தபோது, எதிர் மேட்டில் நின்ற சென்றாயன் கண்ணில் அவள் பட்டாள். தைல மரங்களுக்கு நடுவிலிருந்து இடுப்பில் குடத்தோடு ஏறி வந்துகொண்டிருந்தாள். அவன் கத்தினான், கொடியை ஆட்டினான். அவளும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினாள். இன்னாசிமுத்து இருந்த இடத்திலிருந்து அது எதுவும் தெரியாது. அவர் விசையை அழுத்தினார்.

புழுதி அடங்கிய பிறகு முதலில் ஓடியது அவர்தான். அவள் மேல் பெரிய கல் எதுவும் விழவில்லை. சின்னதாக ஒன்று, காதுக்கு மேலே. சூளகிரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமுன்பே உயிர் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை தேர் ஓடவில்லை. சாமியார் பூசை மட்டும் வைத்துவிட்டுப் போனார்.

விசாரணைக்கு அதிகாரிகள் வந்தார்கள். வருமுன் கமலக்கண்ணன் எல்லோரையும் உட்கார வைத்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், கேட்காததைச் சொல்லாதீர்கள் என்று சொல்லியிருந்தார். சங்கு மூன்று முறை ஊதினீர்களா என்றார்கள், ஊதினோம். பாதையில் கொடி நின்றதா, நின்றது. அன்றைக்குத்தானே திருவிழா என்று ஊரில் சொல்கிறார்களே என்று கேட்டபோது, தேதி மாற்றிவிட்டோம் என்றார் இன்னாசிமுத்து.

“மாத்துனத ஊருக்கு அறிவிச்சீங்களா?”

“அறிவிச்சோம் சார்,” என்றார் அவர்.

பூசையில் இரண்டு ஞாயிறு அறிவித்தது உண்மை. கோயிலுக்கு வராதவர்களைப் பற்றி அதிகாரி கேட்கவில்லை. எச்சரிக்கையை மீறி உள்ளே வந்ததால் நேர்ந்த மரணம் என்று முடிந்தது.

அத்தோடு போயிருந்தால் இன்னாசிமுத்து அந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு மிச்ச நாளைக் கழித்திருக்கலாம். ஊர் விடவில்லை. திருவிழா மாறியது அறிவித்த சங்கதி என்றால், தெருவுக்கு வந்து சேராவிட்டாலும் இன்னாசியோடு நின்று பேசுகிற சென்னம்மாவுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்திருந்தும் புதன்கிழமை எதற்குக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்? சங்கு ஊதியதும் ஓடாமல் எதற்கு எதிரே வந்தாள்? சிரித்துக்கொண்டே வந்தாளாமே. முந்தின வாரம்தான் மகனிடம், இந்தக் கல்யாணம் நடந்தால் நான் செத்தே போவேன் என்று தெருவில் நின்று கத்தினாள். கீழ்த் தெரு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தது. சென்னம்மா வேண்டுமென்றே போய்ச் செத்தாள் என்று ஆயிற்று. முதலில் காதோடு காதாகச் சொன்னார்கள். பிறகு மாதேஷ் இருக்கும்போதே சொன்னார்கள்.

மாதேஷ் அந்தப் பெண்ணிடம் பேசுவதை நிறுத்தினான். வேலைக்கும் ஒழுங்காகப் போகவில்லை. அம்மாவை நான்தான் கொன்றேன் என்று தகப்பனிடம் சொன்னான். ராமப்பன் அவனைத் தேற்றி, தானே போய்ப் பெண் வீட்டில் பேசி, வைகாசியில் கல்யாணம் என்று முடிவு செய்தார். காவேரிப்பட்டணம் பக்கத்து ஆட்கள். விசாரித்தால் ஒரு குறையும் சொல்ல முடியாத குடும்பம். சென்னம்மா உயிரோடு இருந்து பார்த்திருந்தால் அவளே சம்மதித்திருப்பாள்.

அவர்கள் குடும்பத்தில் ஒரு முறை உண்டு. புருஷன் இருக்கப் பூவும் பொட்டுமாகப் போன பெண்ணைப் பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவார்கள். வீட்டில் கல்யாணம் வந்தால் அதற்கு முன்னால் நீர்நிலைக்குப் போய், கலசம் வைத்து, புதுப் புடவை சாத்தி, அவளை வீட்டுக்கு அழைத்து வருவார்கள். அவள் வந்து உத்தரவு கொடுத்தால்தான் தாலி. சென்னம்மாவை அழைக்க வேண்டும் என்று ராமப்பன் கேட்டார். குடும்பத்துக்கு மூத்தவரான அண்ணன் கோவிந்தப்பன் முடியாது என்றார். தானாகச் செத்தவளைத் தெய்வமாகக் கூப்பிடுவது அவர்கள் வழக்கத்தில் இல்லை. அழைத்தால் வேறு எதுவாவது கூட வரும். வருகிற பெண்ணுக்குத்தான் கேடு. பேசாமல் விட்டுவிடு என்றார்.

ராமப்பன் இதையெல்லாம் இன்னாசிமுத்துவிடம்தான் வந்து சொன்னார். வார லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் கரீம் கடை வாசலில் இரண்டு பேரும் டீ குடிப்பது பழக்கம். என்னென்னவோ சொல்லிவிட்டு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து நிற்பார். அவளுக்கு அப்படிச் சாக மனசு வராது இன்னாசி, பால்காரிக்குச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாள், சாயங்காலம் ஒரு படி கூட ஊற்றச் சொல்லி. சாகப் போகிறவள் பாலுக்குச் சொல்வாளா? சொல்ல மாட்டாள் என்று மட்டும் சொல்வார் இன்னாசிமுத்து. உண்மையைச் சொன்னால் விசாரணையில் சொன்னது பொய்யாகும். சான்றிதழ் போகும். ஐம்பத்தெட்டு வயதில் வேறு தொழில் தெரியாது. கோயில் நிற்பது குவாரி மண்ணில். கமலக்கண்ணன் அதைச் சும்மா விடமாட்டார். இதெல்லாம் ஒரு பக்கம். ராமப்பன் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வேண்டும் என்பது இன்னொரு பக்கம். அதுதான் பெரிதாக இருந்தது.

பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னார். தனக்கும் இதில் பங்கு இருக்கிறது என்றார் சாமியார். பிறகு, என்னிடம் சொன்னதால் அந்த வீட்டுக்கு என்ன ஆகப் போகிறது என்று கேட்டார்.

பங்குனிக் கடைசியில் கல்யாணத்துக்குப் பேசிமுடிக்க ராமப்பன் வீட்டில் பங்காளிகள் கூடினார்கள். இன்னாசிமுத்துவை யாரும் கூப்பிடவில்லை. அவராகப் போனார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. பூவாடை அழைப்பு இல்லாமலே கல்யாணத்தை நடத்துவது என்று கோவிந்தப்பன் பேசிக்கொண்டிருந்தார். மாதேஷ் தலையைக் குனிந்துகொண்டு ஒரு மூலையில் இருந்தான்.

“ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிடறேன்,” என்றார் இன்னாசிமுத்து. “சென்னம்மாவுக்குத் தெரியாது. திருவிழா மாறுனது அவளுக்குத் தெரியாது.”

“அறிவிச்சோம்னு நீதானய்யா ஆபீசருங்ககிட்ட சொன்ன?” என்றார் கோவிந்தப்பன்.

“கோயில்ல அறிவிச்சாங்க. அவ எப்ப கோயிலுக்கு வந்தா? உங்க தெருவுக்குச் சொல்ல வேண்டியவன் நான். சாமியார்கிட்ட சொல்றேன்னு ஏத்துக்கிட்டவனும் நான். திங்கக்கெழம கரீம் கடையில பாத்தேன், நின்னு பேசினேன், அப்பவும் சொல்லல. மறந்துட்டேன்.” அவர் மாதேஷ் பக்கம் திரும்பினார். “நாலாந்தேதி சங்கு ஊதுனா அவ வரணும். நான் வச்ச வழக்கம் அது. நான் ஊதச் சொன்னேன், அவ வந்தா. அவ்ளோதான். அவ சாவறதுக்கு வரல.”

மாதேஷ் எழுந்து வெளியே போனான். கொல்லைப் பக்கம் அவன் அழுவது கேட்டது. கோவிந்தப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சென்றாயனைக் கூப்பிடச் சொன்னார். சென்றாயன் வந்து, தெருவுக்குச் சொல்லும்படி தன்னிடம் யாரும் சொல்லவில்லை, தானாகவும் சொல்லவில்லை என்று ஒப்புக்கொண்டான்.

ராமப்பன் வாசல்வரை வந்தார். அடிப்பார் என்று இன்னாசிமுத்து நினைத்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நாலு மாசமா இத வயித்துல வச்சிக்கிட்டு எங்கூட ஒக்காந்து டீ குடிச்சிருக்க,” என்றார் ராமப்பன். குரல் உயரவில்லை. “நீ வந்து சொன்னது நல்லதுதான். இனிமே எங்கண்ணுல படாத.”

மறுநாளே இன்னாசிமுத்து சுரங்கப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போய், தான் முன்பு சொன்னதைத் திருத்திச் சொன்னார். சான்றிதழை நிறுத்தி வைத்தார்கள். குவாரிக்கும் கேள்வி வந்தது. ஒரு மாதம் வேலை நின்று பிறகு நடந்தது. கமலக்கண்ணன் அவரைக் கூப்பிட்டு, உங்க ஒருத்தர் மனசாட்சிக்கு இத்தன பேர் சோத்துல மண்ணு விழணுமா என்று கேட்டார். அந்த மாதக் கூலி போனவர்களில் கோயில் கட்டிய காலத்திலிருந்து கூட வேலை செய்த ஒன்றிரண்டு பேரும் இருந்தார்கள். அவர்களும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

குவாரி நிலத்தில் இனி எந்தக் கோயிலும் கூடாது என்று உத்தரவு வந்தது. சுரூபத்தைச் சாமியார் வந்து எடுத்துப்போனார். பங்குக் கோயில் பீடத்தில் இடமில்லை. பூசைச் சாமான்கள் வைக்கும் சக்ரீஸ்து அறை அலமாரியில் பழைய பூத்தாங்கிகளோடு வைத்தார். சிக்கப்பாறைக் கோயிலில் இப்போது டீசல் பீப்பாய்கள் இருக்கின்றன. இன்னாசிமுத்து ரோஸ்லினிடம் போய்ச் சேர்ந்தார். ஒரு அபார்ட்மெண்ட்டில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. ராத்திரி தூக்கம் வருவதில்லை என்பதால் அந்த வேலை ஒருவகையில் பொருந்திவிட்டது. செபமாலை சொல்ல உட்கார்ந்தால் அந்தம்மாவிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் முழிக்கிறார். திடீர்ச் சாவிலிருந்து காப்பாற்று என்றுதான் இத்தனை வருடம் கேட்டு வந்தார். அவளுக்காக ஒரு குடம் தண்ணீரோடு வந்தவளுக்கு அது கிடைக்கவில்லை.

வைகாசிக் கல்யாணம் நடந்தது என்று கரீம் போனில் சொன்னார். பூவாடை அழைத்தார்கள் என்றும் சொன்னார். கோவிந்தப்பனே முன்னால் நின்று நடத்தினாராம். பழைய குழிக்குப் போகக் குவாரிக்காரர்கள் விடாததால் ஏரியில் போய் அழைத்தார்களாம். மேற்கொண்டு கரீமுக்குத் தெரியாது. அவர் பந்திக்குத்தான் போனார்.

ஆடி மாதம் ரேஷன் கார்டு வேலையாக இன்னாசிமுத்து சூளகிரிக்கு வந்தார். திரும்பும்போது நெடுஞ்சாலையைக் கடக்க நின்றவர், சற்றுத் தள்ளி ராமப்பன் நிற்பதைப் பார்த்தார். கண்ணில் படாதே என்று சொன்னவர். இன்னாசிமுத்து பெட்டிக்கடை மறைவுக்கு நகர்ந்தார். பிறகு அவருக்கே தாங்கவில்லை. போய்ப் பக்கத்தில் நின்றார். ராமப்பன் விலகவில்லை; திரும்பிப் பார்க்கவும் இல்லை. இருமல் முன்னைவிட அதிகமாக இருந்தது.

“அழைச்சீங்களாமே,” என்றார் இன்னாசிமுத்து. “வந்தாளா?”

“வந்தா.” ராமப்பன் சாலையைப் பார்த்தபடியே சொன்னார். “எந்தங்கச்சி மேல வந்தா. புடவ நல்லா இருக்குதுன்னா. பையன் எளச்சிட்டான்னா. மருமவ கைய புடிச்சிக்கிட்டு ரொம்ப நேரம் வுடவே இல்ல.”

“என்னப் பத்தி?”

ராமப்பன் இருமி, சாலையோரம் துப்பினார்.

“எதாச்சும் சொல்லியிருப்பாளே. திட்டுனாளா? திட்டுனதச் சொல்லு, பரவால்ல.”

“இல்ல,” என்றார் ராமப்பன். “நாங்கூட கேட்டேன். உன் பேரே எடுக்கல.”

கிருஷ்ணகிரி பஸ் வந்து நின்றது. ராமப்பன் கம்பியைப் பிடித்து இருமியபடி ஏறி உட்கார்ந்தார். ஓசூர் பஸ் எதிர்ப்பக்கம் நிற்கும். சாலையைக் கடந்து போக வேண்டும். இன்னாசிமுத்து நெடுநேரம் இந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தார்.